நாலரை அடி பலகையில் ஒரு தொழிற்சாலை ரயில்: கம்ப்யூட்டரில் திட்டமிடலாம், கம்ப்யூட்டராலேயே ஓட்டலாம்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதத்தில் வீட்டில் உள்ளவர்கள் அதில் பாட்டு கேட்பார்கள், படம் பார்ப்பார்கள், கேம்ஸ் விளையாடுவார்கள். பிறகு ஒரு நாள், "இதை வைத்து வேறு என்னதான் செய்யலாம்?" என்ற கேள்வி வரும். திரைக்கு வெளியே, மேஜை மேல், நிஜமாக நகரும் ஒன்றை இதே கம்ப்யூட்டரைக் கொண்டு உருவாக்கி இயக்க முடியும். அதுதான் மாடல் ரயில்.

ரயில் பொம்மைக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன உறவு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக் கழகத்தில் 1946-ல் மாணவர்கள் ஒரு மாடல் ரயில் கிளப் தொடங்கினார்கள். டெலிபோன் ரிலேக்களை வைத்து ரயில் பாதைகளைக் கட்டுப்படுத்திப் பழகிய அந்தக் கூட்டம்தான் பின்னர் அங்கிருந்த கம்ப்யூட்டர்கள் பக்கம் திரும்பியது. 1962-ல் உருவான ஸ்பேஸ்வார் என்ற கம்ப்யூட்டர் கேமை எழுதிய ஸ்டீவ் ரஸ்ஸல் அந்தக் கிளப்பைச் சேர்ந்தவர். ஹேக்கர் என்ற சொல் கம்ப்யூட்டர் உலகுக்கு வந்ததும் பெரும்பாலும் அவர்கள் பேச்சிலிருந்துதான்.

ஆனால் மாடல் ரயிலில் இறங்குபவர்களில் பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். காரணம் இடம். பிரிட்டிஷ் மாடல்களில் அதிகம் விற்கும் ஓஓ ஸ்கேலை எடுத்துக் கொள்வோம். இதில் நிஜத்தின் ஒரு அடி, மாடலில் 4 மி.மீ. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ. ஒரு பயணிகள் பெட்டி மட்டும் சுமார் 26 செ.மீ. நீளம் வரும். எட்டுப் பெட்டி எக்ஸ்பிரஸ் என்றால் ரயிலே இரண்டு மீட்டரைத் தாண்டிவிடும். அது நிற்க ஒரு ஸ்டேஷன், சுற்றி வர ஒரு வட்டம் என்று சேர்த்தால் ஒரு அறை போய்விடும். அப்புறம் அந்த ரயில் செய்வதெல்லாம் சுற்றுவது மட்டும்தான். பத்து நிமிடத்தில் அலுத்துவிடும்.

இந்த இரண்டு தொல்லைக்கும் ஒரே தீர்வு தொழிற்சாலை ரயில் பாதை. சுரங்கம், ஆலை, பழைய இரும்புக் கிடங்கு போன்றவற்றுக்குள் போய் வரும் பாதைகள் இவை. இன்ஜின் சிறியது, ரயில் குட்டையானது, வேகம் மிகக் குறைவு. வேலை மட்டும் தலையைச் சுற்றும். எந்த வேகனை எங்கிருந்து எடுத்து எங்கே விடுவது என்பதே நாள் முழுக்க நடக்கும்.

மாதிரிக்கு ஒரு நிஜப் பாதை

கற்பனையில் ஒரு பாதை போடுவதை விட, நிஜமாக இருக்கும் ஒன்றைப் பார்த்துச் செய்வது நல்லது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற குழப்பம் வராது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் உள்ள மிடில்டன் ரயில்வேயை உதாரணத்துக்கு எடுத்துக் கொள்வோம்.

மிடில்டன் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து லீட்ஸுக்குக் கரி கொண்டு போகப் போடப்பட்ட பாதை இது. இதற்காக 1758-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டே ஒரு சட்டம் இயற்றியது. முதலில் குதிரைகள்தான் வேகன்களை இழுத்தன. நெப்போலியன் போர்க் காலத்தில் குதிரை விலையும் தீவன விலையும் ஏறிவிட, சுரங்க மேனேஜர் ஜான் பிளென்கின்சாப் வேறு வழி தேடினார். மாத்யூ மர்ரே என்ற இன்ஜினியர் செய்து கொடுத்த நீராவி இன்ஜின்கள் 1812-ல் ஓடத் தொடங்கின. வார்ப்பிரும்புத் தண்டவாளம் உடையாமல் இருக்க இன்ஜின் லேசாக இருக்க வேண்டும். லேசாக இருந்தால் சக்கரம் வழுக்கும். அதனால் தண்டவாளத்தின் ஒரு பக்கத்தில் பற்களை வைத்து, இன்ஜினில் ஒரு பல் சக்கரத்தைப் பொருத்திவிட்டார்கள். வியாபார ரீதியாக வெற்றி பெற்ற முதல் நீராவி ரயில் இன்ஜின்கள் இவைதான்.

நமக்கு அதை விடப் பயன்படுவது 1960-க்குப் பிந்தைய கதை. அந்த ஆண்டு ஜூனில், லீட்ஸ் பல்கலைக் கழக மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து இந்தப் பாதையை எடுத்து ஓட்டத் தொடங்கினார்கள். சம்பளம் இல்லாத தொண்டர்கள். அகலம் குறைந்த பாதை ஒன்றை வேல்ஸில் 1951-லேயே தொண்டர்கள் ஓட்டியிருந்தார்கள். ஆனால் பிரிட்டனின் முழு அகலப் பாதைகளில் தொண்டர்கள் ஓட்டிய முதல் பாதை இதுதான். அதுவும் பொழுதுபோக்குக்காக அல்ல. பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் பழைய இரும்பு வியாபாரிகளுக்கும் நிஜமாகவே சரக்கு ஏற்றி இறக்கினார்கள். இந்தச் சரக்கு வேலை 1983 வரை நடந்தது. முறையான பயணிகள் ரயிலைத் தொடங்கியது 1969-ல்தான். இன்றும் வாரக் கடைசிகளில் அங்கே ரயில் ஓடுகிறது.

முழுப் பாதையையும் மாடலாகச் செய்யத் தேவையில்லை. 1960-களில் ஒரு நாள், ஒரு தொழிற்சாலை வாசல், மூன்று சைடிங், ஒரு சின்ன டீசல் இன்ஜின், எட்டு வேகன். இது போதும்.

எட்டு வேகன் புதிர்

எட்டு வேகனை வைத்துக் கொண்டு என்ன செய்வது? ஆலன் ரைட் என்ற பிரிட்டிஷ் மாடலர் இதற்கு ஒரு விளையாட்டையே உருவாக்கினார். இங்கிள்நுக் சைடிங்ஸ் என்று பெயர். நார்தம்பர்லாந்தில் இருந்த கில்ஹாம் என்ற கிராமத்துச் சைடிங்கைப் பார்த்து அவர் செய்தது அது. கிராமத்துச் சைடிங் என்றாலும் தொழிற்சாலைக்கு அப்படியே பொருந்துகிறது.

அமைப்பு இதுதான். நீள சைடிங் ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும். குட்டை சைடிங் இரண்டில் ஒவ்வொன்றிலும் மூன்று வேகன் நிற்கும். மூன்றும் சேரும் இடத்துக்கு அப்பால் ஒரு துண்டுப் பாதை. ரயில்வேக்காரர்கள் இதை ஷண்டிங் நெக் என்பார்கள். அதில் இன்ஜினும் மூன்று வேகனும் மட்டுமே நிற்க முடியும். ஆக மூன்று சைடிங்கிலும் சேர்த்து 11 வேகனுக்கு இடம் உண்டு. இருப்பது எட்டு. காலி இடம் மூன்று. சதுரக் கட்டைகளை நகர்த்தி எண்களை வரிசைப்படுத்தும் விளையாட்டு தெரியும் அல்லவா? ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்குமே, கிட்டத்தட்ட அதே மாதிரிதான்.

எட்டில் ஏதாவது ஐந்து வேகனைச் சொன்ன வரிசையில் நீள சைடிங்கில் சேர்க்க வேண்டும். எத்தனை வரிசைகள் வரும்? 8x7x6x5x4, அதாவது 6,720. தினம் ஒன்று விளையாடினாலும் 18 வருடம் ஓடும்.

உதாரணத்துக்கு, நீள சைடிங்கின் கடைசியில் மாட்டியிருக்கும் ஐந்தாவது வேகன் வேண்டும். முன்னால் உள்ள மூன்றை இழுத்து, காலியாக உள்ள குட்டை சைடிங்கில் தள்ளிவிடவும். திரும்பி வந்து மீதி இரண்டையும் நெக்குக்கு இழுக்கவும். இப்போது நீள சைடிங் காலி. அடுத்து என்ன செய்வது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும். எந்த வரிசை கேட்டாலும் இதற்குத் தீர்வு உண்டு. சைமன் பிளாக்பர்ன் என்ற பிரிட்டிஷ் கணித ஆய்வாளர், எத்தகைய சைடிங் அளவுகளில் இந்தப் புதிரை எப்போதும் தீர்க்க முடியும் என்று 2019-ல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார்.

ஒரு பைசா செலவு செய்வதற்கு முன், எட்டுத் தீப்பெட்டியில் எண் எழுதி, சாக்பீசால் தரையில் கோடு போட்டு இதை விளையாடிப் பார்க்கவும். பிடிக்கவில்லை என்றால் அதோடு விட்டுவிடலாம். பிடித்துவிட்டால் கம்ப்யூட்டரை ஆன் செய்யவும்.

திரையில் முதலில் போடுங்கள்

பாதை வரைவதற்கென்றே சாப்ட்வேர்கள் உள்ளன. எக்ஸ்டிராக்கேட் முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ். எனிரயில் என்பது விண்டோஸுக்கானது. பணம் கட்டாமல் பயன்படுத்தினால் 50 பாதைத் துண்டு வரைதான் போட முடியும். ஆனால் நம் லேஅவுட்டுக்கு அதில் பாதி கூடத் தேவைப்படாது. பழகுவதற்கு எனிரயில் சுலபம். எக்ஸ்டிராக்கேட் முதல் இரண்டு நாள் முரண்டு பிடிக்கும், ஆனால் வசதிகள் அதிகம்.

இரண்டிலும் வேலை ஒரே மாதிரிதான். முதலில் ஸ்கேலையும் பலகையின் அளவையும் கொடுக்கவும். பிறகு எந்தக் கம்பெனியின் பாதை என்று தேர்வு செய்யவும். அந்தக் கம்பெனி விற்கும் துண்டுகளின் படங்கள் வரிசையாக வரும். மவுஸால் இழுத்துப் பலகையில் போட்டால், ஒரு துண்டின் முனை அடுத்த துண்டின் முனையோடு தானாகவே ஒட்டிக் கொள்ளும்.

இங்கே அவசரப்படக் கூடாது. நீளம்தான் எல்லாம். கணக்கைப் பார்ப்போம். அந்தக் காலத்தில் பிரிட்டனில் எங்கும் ஓடியது 16 டன் நிலக்கரி வேகன். அதன் உடல் நீளம் பதினாறரை அடி, அதாவது மாடலில் 66 மி.மீ. இரு முனை பஃபர்களையும் கப்ளிங்கையும் சேர்த்தால் சுமார் 85 மி.மீ. ஐந்து வேகனுக்கு 425, மூன்றுக்கு 255. இன்ஜின் 110 என்று வைத்தால் நெக்குக்கு 365, கொஞ்சம் தளர்வுக்காக 375. பீக்கோ செட்டிராக் பாயிண்ட் ஒன்று 168 மி.மீ. இரண்டு வேண்டும். எல்லாம் கூட்டினால் 1,136. நாலரை அடிப் பலகை 1,372 மி.மீ. மிச்சம் இருப்பதை வீண் என்று நினைக்க வேண்டாம். பாதை முனைத் தடுப்புகளுக்கும், பக்கத்துப் பாதையில் போகும் வேகன் இடிக்காமல் தள்ளி நிறுத்தவும் அது தேவைப்படும். அகலம் ஒரு அடி போதும்.

நெக்கை 350-ல் நிறுத்திவிட்டால் மூன்றாவது வேகனின் சக்கரம் பாயிண்ட் மேலேயே நிற்கும். பாயிண்டைத் திருப்ப முடியாது, விளையாட்டே நின்றுவிடும். 470 வரை நீட்டிவிட்டால் நான்கு வேகன் ஏறிவிடும், புதிர் சப்பென்று ஆகிவிடும். திரையில் இதைச் சரி செய்ய ஒரு கிளிக். பாதையை ஆணி அடித்த பிறகு என்றால் புதுப் பாதைதான் வாங்க வேண்டும். எனவே நீங்கள் வாங்கப் போகும் இன்ஜின், வேகன் இவற்றின் நிஜ நீளத்தைக் கேட்டுத் தெரிந்து, அந்த எண்ணை வைத்து வரையவும். எக்ஸ்டிராக்கேட்டில் வரைந்த பாதையில் ரயிலை ஓட்டிப் பார்க்கும் வசதியும் உண்டு.

சரியாக வந்ததும் படத்தை முழு அளவில், அதாவது ஒன்றுக்கு ஒன்று என்று பிரிண்ட் எடுக்கவும். நம் பலகைக்குச் சுமார் பத்து ஏ4 தாள் ஆகும். ஒரு எச்சரிக்கை: பிரிண்ட் விண்டோவில் தாளுக்குள் அடங்கும்படி சுருக்கும் ஆப்ஷன் இருந்தால் அதை எடுத்துவிட்டு 100 சதவிகிதம் என்று வைக்கவும். முதல் தாளை மட்டும் பிரிண்ட் செய்து, அதில் உள்ள பாயிண்டை ஸ்கேலால் அளக்கவும். 168 மி.மீ. இருந்தால் மீதியைத் தொடரலாம். தாள்களைப் பலகையில் ஒட்டி, அதன் மேலேயே பாதையைப் போட்டுவிடலாம்.

நின்று நின்று போகும் இன்ஜின்

சின்ன இன்ஜினில் ஒரு சிக்கல் உண்டு. மாடல் இன்ஜினுக்குக் கரண்ட் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் வருகிறது. பாயிண்டின் நடுவில் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தை மாடலர்கள் ஃபிராக், அதாவது தவளை, என்கிறார்கள். மலிவான பாயிண்ட்களில் அது பிளாஸ்டிக். ஆறு சக்கரத்துக்கு மேல் உள்ள நீளமான இன்ஜின் அதைத் தாண்டிவிடும். நாலு சக்கரக் குட்டி இன்ஜின் மெதுவாக வரும்போது அங்கேயே நின்றுவிடும். ஷண்டிங்கில் எப்போதும் மெதுவாகத்தான் வருவோம்! எனவே உலோக ஃபிராக் உள்ள பாயிண்டாக வாங்கவும். அதற்குக் கொஞ்சம் கூடுதல் வயரிங் வேண்டும், பரவாயில்லை. உலோக ஃபிராக்கோடு வரும் பாயிண்ட்களின் நீளம் 168-லிருந்து மாறலாம், அதனால் வாங்குவதற்கு முன் திரையில் அந்தப் பாயிண்டையே போட்டு மறுபடி அளக்கவும். தண்டவாளத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் அவ்வப்போது துடைக்கவும். பாதி ரிப்பேர்கள் இதிலேயே தீரும்.

கம்ப்யூட்டரிலிருந்து இன்ஜினுக்கு

பழைய முறையில் தண்டவாளத்துக்கு 0 முதல் 12 வோல்ட் டி.சி. கொடுப்பார்கள். வோல்ட் கூடினால் வேகம் கூடும், வயரை மாற்றினால் திசை மாறும். ஒரே இன்ஜின் என்றால் இதுவே போதும். ஆனால் கம்ப்யூட்டரைச் சேர்ப்பதாக இருந்தால் டி.சி.சி. என்ற டிஜிட்டல் முறைக்குப் போவது நல்லது. இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்டேஜ் இருக்கும். அதிலேயே கட்டளைகளும் டிஜிட்டல் சிக்னலாகப் போகும். இன்ஜினுக்குள் டீகோடர் என்ற சின்ன சர்க்யூட் தனக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக் கொண்டு மோட்டாரை ஓட்டும். புது டீகோடர்களின் முகவரி எண் 3 என்று இருக்கும். வேண்டுமானால் மாற்றலாம்.

டீகோடரில் சி.வி. என்ற எண்ணிட்ட செட்டிங்குகள் உள்ளன. நமக்கு முக்கியமானவை மூன்று. சி.வி. 3 எவ்வளவு நிதானமாக வேகம் எடுக்க வேண்டும் என்பது. சி.வி. 4 எவ்வளவு நிதானமாக நிற்க வேண்டும் என்பது. சி.வி. 5 உச்ச வேகம். தொழிற்சாலைக்குள் நிஜ ரயில் மணிக்கு 8 கி.மீ. போகிறது என்று வைத்தால், ஓஓ ஸ்கேலில் ஒரு மீட்டரைக் கடக்க 34 விநாடி ஆக வேண்டும். வாட்சைப் பார்த்து இதைச் சோதிக்கவும். கடையிலிருந்து வந்த இன்ஜின் சீறிக் கொண்டு ஓடும். சி.வி. 5-ஐக் குறைத்ததும் அதே இன்ஜின் 30 டன் எடை உள்ளது போல நகரும். இது ஒன்றே மாடலை பொம்மையிலிருந்து பிரிக்கிறது என்பேன்.

இந்தச் செட்டிங்குகளைக் கம்ப்யூட்டரிலிருந்தே மாற்ற ஜே.எம்.ஆர்.ஐ. என்ற இலவச சாப்ட்வேர் உள்ளது. ஜாவாவில் எழுதப்பட்டது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முதலில் ஜாவாவை இன்ஸ்டால் செய்து கொள்ளவும். இதில் உள்ள டீகோடர்புரோ சி.வி.க்களை எண்ணாகக் காட்டாமல், "வேகம் எடுத்தல்" என்பது போலப் பெயரோடு காட்டும். பேனல்புரோவில் உங்கள் பாதையின் படத்தை வரைந்து, பாயிண்டை மவுஸால் கிளிக் செய்து திருப்பலாம். அதற்குப் பாயிண்டில் மோட்டாரும் டி.சி.சி. டீகோடரும் வேண்டும். இரண்டே பாயிண்டுக்கு இது தேவையில்லை, கையால் திருப்புவதே வேகம்.

கம்ப்யூட்டரைத் தண்டவாளத்தோடு எப்படி இணைப்பது? நேரடியாக இணைக்கவே கூடாது. யுஎஸ்பி போர்ட்டிலிருந்து வயர் எடுத்துத் தண்டவாளத்தில் சொருகினால் கம்ப்யூட்டரே போய்விடலாம். நடுவில் இன்டர்பேஸ் கருவி வேண்டும். ஸ்ப்ராக் என்ற சின்னப் பெட்டி யுஎஸ்பியில் மாட்டக் கூடியது. அதற்கெனத் தனி பவர் அடாப்டர் உண்டு. சி.வி.க்களையும் மாற்றும், ஒரு இன்ஜினையும் ஓட்டும். நமக்கு இருப்பதே ஒரு இன்ஜின்தான். எதுவும் வாங்கும் முன் பார்க்க விரும்பினால், ஜே.எம்.ஆர்.ஐ.யில் இணைப்பைத் தேர்வு செய்யும் இடத்தில் சிமுலேட்டர் என்று உள்ளதை எடுக்கவும். பெட்டி எதுவும் இல்லாமலேயே திரைகள் எல்லாம் திறக்கும்.

இந்த சாப்ட்வேருக்குச் சட்ட வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. இதைத் தொடங்கிய இயற்பியலாளர் பாப் ஜேக்கப்சன், தன் புராஜெக்டின் பைல்களை லைசென்ஸ் நிபந்தனைகளை மதிக்காமல் வேறொருவர் பயன்படுத்தினார் என்று வழக்குப் போட்டார். இலவசமாகக் கொடுத்ததற்கு என்ன நிபந்தனை என்பது கேள்வி. 2008 ஆகஸ்டில் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் அப்பீல் கோர்ட், இலவச லைசென்ஸின் நிபந்தனைகளையும் காப்பிரைட் சட்டத்தின் கீழ் வலியுறுத்தலாம் என்று தீர்ப்பளித்தது. ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர் எழுதும் அனைவருக்கும் பயன்பட்ட தீர்ப்பு, ஒரு ரயில் பொம்மை சாப்ட்வேரால் வந்தது.

இன்றைய சரக்குப் பட்டியல்

எந்த ஐந்து வேகன் இன்று போக வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்தால் சுலபமானதைத்தான் எடுப்பீர்கள். எக்ஸெலிடம் விட்டுவிடவும். லிப்ரே ஆபீஸ் கால்க் இருந்தாலும் சரி. ஏ காலத்தில் 1 முதல் 8 வரை வேகன் எண்களை ஒன்றன் கீழ் ஒன்றாக டைப் செய்யவும். பி காலத்தின் முதல் செல்லில் சமக்குறி, ரேண்ட் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள், இடையில் எதுவும் இல்லாத ஒரு ஜோடி அடைப்புக்குறி ஆகியவற்றை டைப் செய்து என்டர் தட்டவும். 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு எண் வரும். அதைக் கீழே எட்டாவது செல் வரை இழுக்கவும். இரண்டு காலத்தையும் செலக்ட் செய்து, டேட்டா மெனுவில் உள்ள சார்ட் மூலம் பி காலத்தின்படி வரிசைப்படுத்தவும். ஏ காலம் கலைந்துவிடும். மேலே உள்ள ஐந்து எண்தான் இன்றைய ரயில். மறுபடி சார்ட் செய்தால் வேறு ரயில். ஜே.எம்.ஆர்.ஐ.யிலும் ஆபரேஷன்ஸ்புரோ என்று இதற்கான வசதி உண்டு. ஆனால் அது பல ஸ்டேஷன், நூறு வேகன் வைத்திருப்பவர்களுக்கு.

சி காலத்தில் ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு வேலையைக் கொடுக்கவும். 3-ல் பழைய இரும்பு, 5-ல் கரி, 7 காலி என்பது போல. குட்டை சைடிங் ஒன்றுக்கு இரும்புக் கிடங்கு என்றும் மற்றதற்கு ஆலை வாசல் என்றும் பெயர் வைக்கவும். இன்ஜின் எத்தனை முறை திசை மாறியது என்று எண்ணி டி காலத்தில் எழுதி வாருங்கள். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் டிரைவர், ஒருவர் ஷண்டர். ஷண்டர் பட்டியலைப் பார்த்துக் கையசைப்பார், பாயிண்டைத் திருப்புவார். டிரைவர் பட்டியலைப் பார்க்கக் கூடாது. ஷண்டர் கை காட்டாமல் இன்ஜினை நகர்த்தினால் அபராதமாக டி காலத்தில் ஐந்து கூட்டிவிடவும்.